நீல டிரம்மில் கடல்

லுங்கா: தண்டேகா, இங்க வா. டிரம்ல பாதியைக் காணோம்.

தண்டேகா: எந்த டிரம்?

லுங்கா: நம்ம வீட்டுல எத்தனை டிரம் இருக்கு? நீல டிரம்தான். மீன் தொட்டிக்குன்னு நேத்து நாப்பது லிட்டர் உப்புத்தண்ணி கலந்து வச்சேன். இப்ப இருபதுதான் இருக்கு.

தண்டேகா: வெயிலுக்கு வத்தியிருக்கும்.

லுங்கா: மூடி போட்ட டிரம்... வீட்டுக்குள்ள... ஒரே நாள்ல இருபது லிட்டர் வத்துமா?

தண்டேகா: அப்ப உன் மீன் குடிச்சிருக்கும். என்னைக் கேட்டா? எங்கண்ணன் கல்யாணத்துக்குக் குடுத்த டிவி உன் தொட்டிக்கு இடம் விட்டுட்டு ஃபிரிட்ஜ் மேல ஏறி உக்காந்திருக்கு. அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து புடிச்சுக்கிச்சு. கார் பேட்டரி என்னடான்னா, கரண்டு போனா உன் தொட்டிக்கு மோட்டார் ஓட்ட இங்க வந்து கிடக்கு. தினம் காலையில காரைத் தள்ளி விடுறது யாரு? நான். இதுல தண்ணிக்கு வேற காவலா?

லுங்கா: விளையாடாதே. அந்தப் பவளத்தைப் பாரு. விரல் விரலா ஆடிக்கிட்டு இருந்தது, திங்கக்கிழமையிலேர்ந்து சுருண்டு கிடக்கு. இன்னிக்கே நாப்பது லிட்டர் மாத்தலேன்னா போயிடும்.

தண்டேகா: இன்னொரு தடவை கலக்கிக்கோயேன்.

லுங்கா: கலந்தா உப்பு சரியாக் கரையவே நாளைக்கு ஆயிடும். அதுவரைக்கும் தாங்காது. ரெண்டு வருஷம், தண்டேகா... கட்டைவிரல் அளவுல வாங்கினது...

தண்டேகா: ம்.

லுங்கா: ஏன் மூக்கைத் தேய்க்கிறே?

தண்டேகா: அரிக்குது.

லுங்கா: பொய் சொன்னாத்தான் உனக்கு அங்க அரிக்கும்.

மா ந்தூலி: தண்டேகா! மகளே! கேட்டைத் திற, மாவு உருட்டி மக்வின்யா பொரிச்சுக் கொண்டாந்திருக்கேன், ஆறிடப் போகுது!

தண்டேகா: பக்கத்து வீட்டு மா ந்தூலி. நீ உள்ள போ, நான் பேசி அனுப்பிடுறேன்.

லுங்கா: நான் ஏன் உள்ள போகணும்? வாங்கம்மா, வாங்க. மக்வின்யா இந்தக் கையில... அந்தக் கையில என்ன, காலி கேனு?

மா ந்தூலி: ஐயோ, தம்பி வீட்டுலதான் இருக்கியா? இது... சும்மா... காத்து வாங்கட்டும்னு.

லுங்கா: அஞ்சு லிட்டர் கேனு. இருபதை அஞ்சால வகுத்தா நாலு. தண்டேகா, நாலு கேனா?

தண்டேகா: ...நாலுதான்.

லுங்கா: அடிப்பாவி!

தண்டேகா: கத்தாதே! டிசம்பர்ல இந்தத் தெரு சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாம் பஸ்ல டர்பன் போய்க் கேன் கேனா கடல் புடிச்சுட்டு வந்தாங்க. கண்ணு படாம வாசல்ல தெளிக்க, கால் வலிக்கு ஊத்தன்னு எல்லாருக்கும் தீந்துபோச்சு. இந்த அம்மா வந்து கேட்டாங்க. ஒரு டிரம் கடலை வச்சுக்கிட்டு இல்லேன்னு எப்படிச் சொல்ல?

லுங்கா: அது கடலே இல்லம்மா! வடிகட்டின தண்ணியில பொட்டலத்து உப்பைக் கொட்டி நான் கலக்கினது. இது சொவேட்டோ. கடல் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு!

மா ந்தூலி: போற வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு, 'பாருங்க, என் வீட்டுல கடல்'னு காட்டினது நீதானே?

லுங்கா: அது ஒரு... பெருமைக்குச் சொல்றது.

மா ந்தூலி: என்னமோ போ. அதை ஊத்தினதுலேர்ந்து என் முழங்கால் படி ஏறுது.

தண்டேகா: சரி, சண்டை வேணாம். அம்மா, அப்ப நீங்க எனக்குன்னு கொண்டாந்த கேன் கட்டிலுக்கு அடியில அப்படியே இருக்கு. என் தம்பியோட புது டாக்ஸிக்குத் தெளிக்கலாம்னு வச்சிருந்தேன். நிஜ டர்பன் கடல். அதை எடுத்துக்கோங்க.

லுங்கா: அது... அது வேணாம்.

தண்டேகா: ஏன்?

லுங்கா: கட்டிலுக்கு அடியில... ஒரே தூசி.

தண்டேகா: இப்ப நீ ஏன் மூக்கைத் தேய்க்கிறே?

லுங்கா: திட்டக் கூடாது.

தண்டேகா: சொல்லு.

லுங்கா: போன ஞாயித்துக்கிழமை நீ சர்ச்சுக்குப் போனப்ப... அதைத் தொட்டியில ஊத்திட்டேன். பொட்டலத்து உப்பையே பாத்த பவளம், ஒரு நாளாவது நிஜக் கடலை ருசி பாக்கட்டுமேன்னு. கேனை அப்ப டிரம்ல மிச்சமிருந்த தண்ணியால நிரப்பி வச்சுட்டேன்.

தண்டேகா: எனக்கு வந்த கடலை மீனுக்கு ஊத்தினியா! நான் நாலு கேன் குடுத்ததுக்கு அந்தக் கத்து கத்தினியே!

லுங்கா: அதுதான் சொல்லிட்டேனே!

தண்டேகா: அம்மா, நீங்களே கேளுங்க. சர்ச்சுப் பொம்பளைங்க அத்தனை பேரும் பஸ்ல இடிபட்டுப் போய் கொண்டாந்த தண்ணி... அம்மா? ஏன் தொட்டியையே பாக்கறீங்க?

மா ந்தூலி: தம்பி... எவ்வளவு ஊத்தினே?

லுங்கா: முழுக் கேனும்.

மா ந்தூலி: தொட்டியில அந்தப் பூ எப்பலேர்ந்து இப்படிச் சுருண்டு கிடக்கு?

லுங்கா: திங்கக்கிழமை காலையிலேர்ந்து. ஏம்மா?

மா ந்தூலி: சர்ச்சுல வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம்.

தண்டேகா: எதை?

மா ந்தூலி: பஸ் பாதி வழியில ஹாரிஸ்மித்லயே படுத்துடுச்சு மகளே. ரெண்டு நாள். நாங்க யாரும் கடலைக் கண்ணாலயே பாக்கல. காலி கேனோட தெருவுக்குள்ள எப்படி வர்றது... பெட்ரோல் பங்க் குழாயில தண்ணி புடிச்சு, கடையில சமையல் உப்பு வாங்கிக் கரைச்சோம். உன் வீட்டு டிரம்மைப் பாத்த அன்னிக்குத்தான், நாங்க ஏமாத்தினவங்களுக்கு ஒரு கேனாவது நல்ல தண்ணி குடுத்துடலாம்னு நெனச்சேன். என் முழங்காலுக்கு ஒண்ணுதான் போச்சு, மீதி மூணும் மூடியே திறக்காம வீட்டுல இருக்கு. தம்பி, என்கூட வா, தூக்கு... இந்தத் தெருவுல கடல்னு உள்ளது நீ கலக்கினது ஒண்ணுதான், முதல்ல உன் பூவுக்கு ஊத்து!