இரண்டாம் மாடியின் இரண்டு பல்புகள்

மூன்று கூட்டங்கள், ஓர் உபகுழு, ஒரு நேரடி ஆய்வு, நடுவில் ஒரு வெளிநடப்பு. இத்தனையும் கடந்து, நம் குடியிருப்போர் சங்கம் சென்ற வாரம் வரலாறு காணாத ஒரு முடிவை எடுத்திருக்கிறது. எட்டாம் எண் வீட்டில் ஆளில்லாமல் எரியும் பல்பை அணைத்துவிடுவது என்பதே அந்த முடிவு!

அந்த முடிவுக்குத் தலைமை தாங்கிய தலைவர் அவர்களே! உயர்த்திய கையை இறக்க மறந்து இரண்டு முறை எண்ணப்பட்ட செயலாளர் அவர்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்ட பெரியோர்களே! இந்தப் படிக்கட்டுகளைத் தேய்த்தே தங்கள் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்ட தாய்மார்களே! இவன் எப்போது முடிப்பான் என்று கதவோரம் காத்திருக்கும் நண்பர்களே! இருபத்தாறு ஆண்டுகளாக உங்கள் இருட்டுகளை மட்டுமே பார்க்க அழைக்கப்பட்ட இந்த வயர்மேனின் வணக்கம்.

ஆண்டுக் கூட்டத்தில் மின்சாரம் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன்.

மின்னூட்டம் என்பது யாது? கம்பிக்குள் கணக்கற்றுக் காத்துக் கிடப்பது. அது நகர்ந்தால் மின்னோட்டம். நகர்த்துவது எது? மின்னழுத்தம். அது இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வேற்றுமை. வேற்றுமை இல்லாத இடத்தில் எதுவும் ஓடாது. வழியில் நின்று மறிப்பது மின்தடை. மறிக்கும் இடத்தில்தான் சூடு. சூடு மிகும் இடத்தில்தான் சுடர். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்குங்கள், அது மின்திறன். பல்பின் தலையில் வாட் என்று அச்சடித்திருப்பார்கள். நம் வீட்டுக்கு வரும் மின்சாரமோ எங்கும் போய்ச் சேராமல் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஊசலாடும் வகை. யாரங்கே, "நம்ம சங்கம் மாதிரி" என்பது? நான் சொல்லவில்லை, குறிப்பேட்டில் அவர் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஏழுக்கும் எட்டுக்கும் வருகிறேன்.

இரண்டாம் மாடியில் அவை ஒரு காலத்தில் ஒரே வீடு. அக்கா தையற்காரர், தங்கை மருந்துக்கடையில் வேலை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் சண்டை. எதற்காக? இருவரையும் தனித்தனியே கேட்டேன். காரணம் இருவருக்குமே சரியாக நினைவில்லை. மன்னிக்க முடியாது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. சமையலறைக்கு நடுவே சுவர் எழுந்தது. ஒரே நாளில் விளக்குப் போடு என்றார்கள். அவசரத்தில் நான் ஒரு பிழை செய்தேன். தனித்தனிக் கிளைகளாகப் பிரித்திருக்க வேண்டிய இரண்டு பல்புகளை, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் கோத்துவிட்டேன். ஏழில் புகுந்த மின்சாரம் எட்டின் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

விளைவு என்ன? அறுபது வாட் பல்பு இரண்டு. அழுத்தம் பாதிப் பாதி. தடை இரு மடங்கு, ஆகவே ஓட்டமும் பாதி. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். ஆளுக்குப் பதினைந்து வாட்! உப்பு எது, சர்க்கரை எது என்று நாக்கு சொன்னால்தான் உண்டு. அதைவிடப் பெரிது, ஒருவர் சுவிட்சை அணைத்தால் இருவருக்கும் இருட்டு.

முதல் வாரம் சுவர் அதிர்ந்தது.

"ஏய், லைட்டைப் போடுடி! இங்க அடுப்புல பால் பொங்குது!"

"உன் பாலுக்கு நான் எதுக்குடி விளக்குப் பிடிக்கணும்?"

அந்த ஆண்டு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதன்பின் அதுவும் நின்றது. ஆறரை மணிக்கு இரண்டு சுவிட்சும் கீழே இறங்கும். எட்டரைக்கு யாராவது ஒருவர் மேலே தள்ளுவார். மற்றவர் படுக்கப் போவார்.

பிழையைத் திருத்தப் போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்.

"கை வைக்காதீங்க தம்பி."

"இது பல்பா மின்மினியா அக்கா? கண்ணு போயிடும்."

"போகட்டும். அவ வேலையிலிருந்து வந்துட்டாளான்னு நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? சுவிட்சைப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். எரிஞ்சா வந்துட்டா."

எட்டுக்குப் போனேன். தங்கை சொன்னார்: "அண்ணே, தொடாதீங்க. இதை அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள் இரண்டு வீட்டிலும் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே வயர்மேன் நான்தான். குறைந்த அழுத்தத்தில் எரிந்ததால் அந்தப் பல்புகளின் இழைகளும் பதினோரு ஆண்டுகள் அறுந்துபோகவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் தங்கைக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, சமையலறை சுவிட்சைப் போட்டபடியே விட்டுட்டேன். அணைச்சா அவ இருட்டுல நிப்பா."

"அக்காவுக்குத் தனி லைன் போட்டுடறேனே!"

"போட்டுட்டா என்னை எதுக்கு அவ நினைக்கணும்?"

அன்று மாலையும் ஏழில் வெளிச்சம் வந்தது. மறுநாளும் வந்தது. எட்டின் வாசலில் பூட்டுத் தொங்குவதை அக்கா பார்க்கவில்லையா? தினமும் பார்த்தார். நான் கேட்டேன்.

"அவங்க ஊர் மாத்திப் போயிட்டாங்க அக்கா."

"பல்பு எரியுதே தம்பி. வந்துருவா."

அவையோரே! வீதியின் மறுமுனையில் இருப்பவரோடு பேச ஒரு கருவி, உலகின் மறுமுனையில் இருப்பவரைப் பார்க்க ஒரு கருவி, எல்லாம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. அரைச்செங்கல் தடிப்புள்ள சுவருக்கு அப்பால் இருப்பவளை நலமா என்று கேட்க, ஒரு பெண்ணுக்கு ஒரு வயர்மேனின் பிழை தேவைப்பட்டது! ஒரே வழியில் கோத்த சுற்றில் ஓட்டம் எங்கும் ஒன்றே. ஏழில் எவ்வளவோ எட்டிலும் அவ்வளவே. ஒரு துளி கூடாது, ஒரு துளி குறையாது. அவள் சுவிட்சுக்கு இவள் காத்திருந்தாள்; இவள் சுவிட்சுக்கு அவள் காத்திருந்தாள். பேசாத பேச்சு அது. கேட்காத கேள்வி அது. பதினைந்து வாட்டில் பதினோரு ஆண்டு எரிந்த ஏக்கம் அது! அதை அணைக்கத் தீர்மானம் போட்டீர்கள். தீர்மானத்தில் பிழையில்லை. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரியக் கூடாதுதான். ஆனால் கையை உயர்த்திய பதினான்கு பேரில் ஒருவராவது, அந்த வெளிச்சம் யாருக்கு என்று கேட்டீர்களா?

கைதட்டாதீர்கள். நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், தெரிந்தும் புதன்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு, படிக்கட்டுச் சுவரில் இருக்கும் எட்டின் மெயினை நான்தான் அணைத்தேன்.

ஏழாம் எண் கதவு முழுதாகத் திறந்தது. அக்கா கையில் கரண்டியோடு நின்றார்.

"போயிட்டாளா?"

"நாப்பது நாளாச்சு அக்கா."

கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த ஊரு?"

சொன்னேன்.

"வாயால சொன்னா நிக்காது தம்பி. எழுதிக் குடுங்க. எந்த பஸ்ஸுன்னும் எழுதுங்க."

பத்து நிமிடம் தந்தீர்கள், பதினைந்து எடுத்துக்கொண்டேன். பொறுத்த தலைவருக்கும், கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்த செயலாளருக்கும், கடைசிவரை இருந்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி வணங்கி விடைபெறுகிறேன். சங்கக் குறிப்பேட்டுக்காக ஒரு தகவல்: ஏழாம் எண் வீட்டின் மெயினும் இன்று காலை ஐந்தேகாலுக்கு அணைக்கப்பட்டது. வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.