பின்பாரம்

நடுத்தர அளவு எஸ்.யு.வி. ஒன்று சின்ன கேரவனை இழுக்குமா என்று கேட்டால், இழுக்கும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கும். கேரவனும் அதற்குள் ஏற்றும் சாமானும் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் கார்களுக்குப் பின்னால் இழுவைக் கொக்கி பொருத்துகிறோம். ஒரு நாளைக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள். நவரத்தினம் அங்கிளும் இதைத்தான் கேட்டார். நான் சொன்ன பதிலில் பிழை இல்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள். நல்லது. ஆங்கிலத்தில் எழுதினால் என் வாக்கியங்கள் எல்லாம் மன்னிப்புக் கேட்பது போலவே வந்து விழும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஏவன்டேலில் அவர்கள் வீட்டில் ஒரு அறைக்குக் குடிவந்தேன். அங்கிளும் அன்னம் ஆன்ட்டியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. அங்கிள் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. நான் விழுப்புரம் பக்கம். அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். ட்ராக்டர் ட்ரெய்லரைப் பார்த்தாலே முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அவர் கண்ணால் செய்வதை நான் சூத்திரத்தால் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் ஆளாகப் படிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எதுவும் கேட்காமல் கிடைக்காது. உதவித்தொகையைக் கேட்டு வாங்கினேன். விடுதியில் இடம் கேட்டு வாங்கினேன். இந்த நாட்டுக்கு வர எத்தனை கடிதம் எழுதினேன் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். அந்த வீட்டில்தான் முதல் முறையாக ஒரு பொருள் கேட்காமல் கிடைத்தது. வேலை முடிந்து வந்தால் மேசையில் எனக்கென்று ஒரு தட்டு இருக்கும், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி. சோறு, மீன் குழம்பு, நடுத்துண்டு.

கேரவனில் ஊர் சுற்ற வேண்டும் என்பது அங்கிளின் ஆசை. ஆல்பனியில் ஒரு வீட்டு முற்றத்தில் பாசி பிடித்துக் கிடந்த ஒன்றைக் கண்டுபிடித்தது நான். எட்டு மாதம் என் சனி, ஞாயிறு எல்லாம் அதற்கே போயின. இற்றுப்போன தரைப்பலகையை மாற்றினேன், பிரேக்கைச் சரிசெய்தேன், ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வாரண்ட் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். முன்பக்கம் இருவர் படுக்கும் கட்டில், பின்பக்கம் சமையல் மேடை. நடுவில் சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தையைப் போட்டால் மூன்றாவது படுக்கை. அதன் நீளத்தை நானே படுத்துப் பார்த்துத்தான் அளந்தேன்.

"கால் முட்டுதோ?" என்று ஆன்ட்டி வாசலில் நின்று கேட்டார். முட்டவில்லை. மெத்தைக்கு உறை தைக்க எந்த நிறம் வேண்டும் என்றும் என்னைத்தான் கேட்டார். கத்தரிப்பூ நிறம் என்றேன்.

அங்கிளின் கேள்வி அன்றுதான் வந்தது.

"பிள்ளை, எங்கட கார் இதை இழுக்குமோ? வடிவாப் பாத்துச் சொல்லும்."

"ஆமா அங்கிள். ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரைக்கும் இழுக்கும். நாம ஆயிரத்து இருநூறைத் தாண்ட மாட்டோம்."

"நீர் ஆமா எண்டா எனக்குப் பயமாக் கிடக்கு. ஓம் எண்டு சொல்லும், நம்புறன்."

ஆன்ட்டி சிரித்தார். நானும் சிரித்து, ஓம் என்றேன்.

நவம்பரில் தனுஷா வந்தாள். ஆன்ட்டியின் தங்கை மகள், இங்கே படிக்க வந்தவள். அவர்கள் பேச்சில் தங்கை மகளுக்குப் பெறாமகள் என்று பெயர். வாடகைக்கு இருப்பவளுக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை. என்னிடம் இரண்டு வருடமாக மரியாதையாக 'நீர்' என்று பேசிய ஆன்ட்டி, அவளை விமான நிலையத்திலேயே 'நீ' என்றார். நான்தான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அறிமுகம் இப்படி இருக்கும்: "இது தனுஷா, எங்கட பிள்ளை. இவ திலகா, எங்களோட போர்டிங்கில இருக்கிறவ. நல்ல கெட்டிக்காரி."

கெட்டிக்காரி என்பது ஆறுதல் பரிசு. ஓடித் தோற்றவர்களுக்குக் கொடுப்பது.

மேசையில் இப்போது இரண்டு தட்டுகள். நடுத்துண்டு அவளுக்குப் போனது. எனக்கு வால் துண்டு வந்தது. வால் துண்டிலும் ருசி இருக்கிறது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தெந்தக் கிழமை எனக்கு எந்தத் துண்டு வந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும், அது வேறு விஷயம்.

அவள் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் துணியையும் சேர்த்து மடித்து வைப்பாள். "அக்கா, களைச்சுப் போனீங்கள், இருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்" என்பாள். அவள் எதையும் கேட்கவே இல்லை. எல்லாம் நடந்து வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. எனக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பாத்திரம் கழுவும்போது ஆன்ட்டி சொன்னார்.

"திலகா, தனுஷா இன்னும் ஒரு இடமும் பாக்கேல்லை. படிப்புத் துவங்கினா அவளுக்கு நேரம் வராது. நீர் இஞ்சதானே இருக்கப் போறீர், அடுத்த முறை போகலாம். கோவமோ?"

"இல்ல ஆன்ட்டி."

"எனக்குத் தெரியும். நீர் விளங்கிக்கொள்ளுவீர்."

அன்று மாலை தனுஷா என் அறைக்கு வந்தாள். "அக்கா, நீங்களும் வாங்கோவன். நான் கீழ நிலத்தில படுக்கிறன்." என் படுக்கையை எனக்கே தானம் செய்ய வந்திருக்கிறாள். வேலை இருக்கிறது என்றேன். விடுப்பு ஏற்கெனவே எடுத்திருந்தேன். அதை ரத்து செய்யவில்லை.

இனி நீங்கள் கேட்ட பகுதி.

இழுக்குமா என்பது ஒரு கேள்வி. பாதுகாப்பாக இழுக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் கார்க் கையேட்டில் மட்டும் இல்லை, சாமானை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. கேரவனின் மூக்கு காரின் கொக்கி மேல் உட்கார்ந்திருக்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அந்த மூக்கில் அழுத்த வேண்டும். அப்படி அழுத்தினால் கேரவன் நல்ல பிள்ளையாகப் பின்னால் வரும். பாரம் பின்னால் போய் மூக்கு லேசானால் வாலை ஆட்டும். வேகம் கூடினால் அந்த ஆட்டம் காரையும் பிடித்துக்கொள்ளும்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை நான்தான் சாமான் ஏற்றினேன். ஆன்ட்டிக்கு வெளியே சாப்பிடுவது பிடிக்காது, கேம்ப் தண்ணீரிலும் நம்பிக்கை கிடையாது. ஆகவே இரண்டு பெரிய கேன் தண்ணீர், பத்துக் கிலோ அரிசி, கிரைண்டர். அதோடு வெளியே கட்டும் கூடாரம், அங்கிளின் கருவிப் பெட்டி. எல்லாவற்றையும் முன்கட்டிலுக்கு அடியில் வைத்துக் கட்டினேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த தராசில் மூக்கைப் பார்த்தேன். நூற்று இருபது கிலோ. சரியான எண்.

காலையில் அங்கிள் காரைச் சுற்றி வந்தார். "பிள்ளை, கார் பின்னால இருந்திட்டுதே. ஸ்பிரிங் போயிடாதோ?"

கார் பின்னால் கொஞ்சம் தாழத்தான் செய்யும், அப்படித் தாழ்ந்தால்தான் நல்லது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. கேரவன் கதவு திறந்திருந்தது. உள்ளே தனுஷா அந்தக் கத்தரிப்பூ நிற மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். ஆன்ட்டி அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னால மாத்திடலாம் அங்கிள்," என்றேன். "கார் நேரா நிக்கும்."

நாற்பது நிமிடம் ஆனது. தண்ணீர், அரிசி, கிரைண்டர், கூடாரம், கருவிப் பெட்டி, எல்லாம் சமையல் மேடைக்கு அடியில், கடைசி மூலையில். தனுஷா உதவிக்கு வந்தாள். அவள் கையில் தலையணைகளைக் கொடுத்தேன். கார் பின்பக்கம் எழும்பி நின்றது.

"இப்ப வடிவா நிக்குது," என்றார் அங்கிள். "எங்கட எஞ்சினியர் இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்?"

"அப்ப ஏன் அவவை விட்டிட்டுப் போறியளாம்?" என்று ஆன்ட்டி உள்ளேயிருந்து கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் கணக்கு வேறு. மோட்டார்வேயில் ஏறியதும் கேரவன் ஆடும். அங்கிள் பயந்து ஓரமாக நிறுத்துவார். எனக்குப் போன் வரும். திலகா இல்லாமல் இது சரிவராது என்று அவர் வாயாலேயே சொல்வார். நான் போய்ச் சரிசெய்வேன், இருக்கிற இடத்தில் நானும் ஏறிக்கொள்வேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் காத்திருந்தேன். அன்று மேசையில் மூடிய தட்டு இல்லை.

மோட்டார்வேயில் பாம்பே ஹில்ஸ் மேட்டில் ஏறும்வரை ஒன்றும் ஆகவில்லை. தெற்குப் பக்கம் இறங்கும்போது ஒரு பெரிய லாரி அவர்களைத் தாண்டிப் போனது, அந்தக் காற்றில் கேரவன் ஆடத் தொடங்கியது. மிச்சம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அங்கிள் அங்கேயே இறந்துபோனார். ஆன்ட்டிக்கு இடுப்பெலும்பு. தனுஷாவுக்கு இடது கை, அதுவும் மெல்லிய முறிவு.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஆன்ட்டி கேட்ட முதல் கேள்வி என்னிடம்தான். "திலகா, நான் சாமானைக் கூடுதலா ஏத்திப் போட்டனோ? அரிசியும் கிரைண்டரும் வேண்டாம் எண்டு அவர் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை."

நான் யோசித்தேன். பிறகு, "அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க ஆன்ட்டி. நானும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை. "நீ மட்டும் இல்லாட்டி," என்றார். நீ என்றார். அதன் பிறகு மூன்று வாரம் நான் ஊட்டினால்தான் சாப்பிட்டார், நான் துடைத்துவிட்டால்தான் தூங்கினார். தனுஷா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவள் அறிந்துவிடுவாளோ என்ற பயத்தில். அந்த மூன்று வாரத்தைப் போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு போலீஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள். பாரத்தைப் பின்னால் அடுக்கியது யார் என்று கேட்டீர்கள். அடுக்கியது நான் என்று இருவருக்கும் தெரியும், ஆனால் பேச்சு அரிசிக்கும் கிரைண்டருக்கும் போய்விடும் என்று ஆன்ட்டி போர்வையை இழுத்துப் பிடித்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தனுஷா, "நான்தான் அடுக்கினேன். எனக்குத் தெரியாது, கார் நேராக நிற்கட்டும் என்று நினைத்தேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வழக்கு வரலாம், விசா போகலாம் என்று நீங்கள் விளக்கினீர்கள். தெரியும் என்றாள். நீங்கள் அவள் பெயரை எழுதினீர்கள்.

ஆன்ட்டியின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து, அவரைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னாள். அது ஆன்ட்டிக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் போனதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "எனக்காகத் தலையைக் குடுத்திட்டாள், என்ர பிள்ளை." வீட்டை விற்றுவிட்டு அவளோடு ஊருக்கே போய்விடப் போகிறாராம். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அதைத் தனுஷாவிடம் கொடுக்கச் சொன்னார்.

ஆகவேதான் இதை எழுதுகிறேன். அறிக்கையில் தவறான தகவல் இருக்கக் கூடாது. படித்தவள் நான், எனக்கு அது உறுத்துகிறது.

அவளால் அதைச் செய்திருக்க முடியாது. வேண்டுமானால் அவளிடமே கேளுங்கள், கடைசியில் மூக்கில் எவ்வளவு பாரம் இருந்தது என்று. தெரியாது. பதினெட்டுக் கிலோ. எனக்குத் தெரியும், ஏனென்றால் மாற்றி அடுக்கியபின் நான் மறுபடியும் அளந்தேன். வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. பட்டறையின் எலக்ட்ரானிக் தராசில் அந்த அளவு, தேதியோடும் நேரத்தோடும் பதிவாகியிருக்கிறது.

அங்கிள் ஏன் பிரேக்கை முழுதாக அழுத்தினார் என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. புறப்படும்போது அவர் ஜன்னலை இறக்கினார். ஆன்ட்டி கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், தனுஷா காதில் பாட்டு. "பிள்ளை, இது ஆடினா என்ன செய்யிறது?" என்று கேட்டார். ஆடினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், தானாக அடங்கும். கார் பிரேக்கைத் தொட்டால் கேரவன் காரைத் தூக்கிப் போட்டுவிடும். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

"பிரேக்கை நல்லா அழுத்திப் பிடிங்க அங்கிள்," என்றேன்.

ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

தனுஷாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். ஒரு பிரதியை ஆன்ட்டிக்கும் கொடுங்கள். முதலில் கோபப்படுவார். கோபம் ஆறியபின் நிதானமாக ஒன்றை யோசித்துப் பார்ப்பார்: தன்னோடு இருக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு தூரம் வேறு யார் போவார்கள், தனுஷா போவாளா என்று.