ஆட்டுத்தோலுக்கு நாடி பார்த்த கடிகாரம்

அறுந்த பையையும் தைப்பார், அறுந்த உறவையும் தைப்பார் எனத் தாராவியே போற்றும் கூட்டத் தலைவர் முகம்மது ஹனீப் மாமா அவர்களே! மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் டிராஃபிக்கை நீந்திக் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே! நாளைய இட்லிக்கு அரிசியை ஊறப்போட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சமோசா தீர்ந்துவிடுமோ என்ற கவலையோடு கடைசியில் நிற்கும் தாராவி விடியல் ஓட்டக் குழுவின் சிங்கங்களே! முதல் வரிசையில் அமர்ந்து, இமைக்காமல் என்னையே முறைக்கும் கீதா மதினி அவர்களே! அனைவருக்கும் இந்தத் தௌசீப்பின் வியர்வை மணக்கும் வணக்கம்!

ஓடுகிறவனுக்குக் கால் வேண்டும், காற்று வேண்டும், கடிகாரமும் வேண்டுமா என்று கேட்கிறார்கள். யாருக்கு வேண்டும்? எனக்கா? இல்லை! நம் இசக்கிதுரை அண்ணாச்சிக்கு வேண்டும்! மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே ரத்தக்கொதிப்பைச் சம்பாதித்த டெய்லர் அவர். நம்மோடு ஓடத் தொடங்கியபின் மாடிப்படியை மதிக்காமல் ஏறுகிறவர். ஜனவரிப் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். டாக்டர் என்ன சொன்னார்? "தாராளமா ஓடுங்க. ஆனா இதயத்துடிப்பு நூத்திநாப்பதைத் தாண்டக் கூடாது." அவர் மனைவி கீதா மதினி என்ன சொன்னார்? "நம்பர் கண்ணுக்குத் தெரிஞ்சா ஓடட்டும். தெரியலையா, ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்!"

ஆகவே, அன்புச் சொந்தங்களே, இன்று நாம் தேர்ந்தெடுக்கப்போவது வெறும் கடிகாரத்தையா? அண்ணாச்சி ஓடுவாரா, உட்காருவாரா என்பதை அல்லவா!

முதலில் வந்தது நம் பூதத்தான் அண்ணன் குர்லாவில் வாங்கிவந்த கடிகாரம். தங்க நிறம்! தட்டினால் பாட்டு! திருப்பினால் வெளிச்சம்! மாப்பிள்ளைக்குப் போட்டால் மாமனார் மயங்குவார். ஆனால் ஓடினால்?

என்ன அண்ணே? "எல, ஜிபிஎஸ் உண்டுன்னு டப்பாலயே போட்டிருந்துச்சே" என்கிறீர்களா? போட்டிருந்தது. போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸைத்தான் இரவல் வாங்கும் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது! கடிகாரம் அண்ணாச்சி கையில் ஓடியது. அவர் போனோ மதினியின் கூடையில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனது. அன்று நம் வாட்ஸப் குரூப்பில் வந்து விழுந்ததே ஒரு வரைபடம்! பூக்கடையில் நின்றிருக்கிறார். கோயில் வாசலில் நின்றிருக்கிறார். வெண்டைக்காய்க் கடையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். "அண்ணாச்சி, இது ரன்னிங்கா, ஷாப்பிங்கா?" என்று குரூப்பே கேட்டது. சிரிக்காதீர்கள், அவர் அன்று பாந்த்ரா வரை ஓடியவர்!

எனவே நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: ஜிபிஎஸ் கடிகாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வெயிலில் எண் தெரிய வேண்டும். சார்ஜ் பந்தயம் முடியும்வரை நிற்க வேண்டும். தகரக் கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் வானம் நூலாகத் தெரியும் நம் சந்துக்குள் நின்று "சிக்னல் எங்கே, சிக்னல் எங்கே" என்று அழக் கூடாது. தொண்ணூறடி ரோட்டுக்கு வந்து, கடிகாரம் சிக்னல் பிடிக்கும்வரை நின்று, பிறகு நாம் ஓட வேண்டும்!

இவை அத்தனையும் பார்த்து, ராவும் பகலும் யூடியூபில் ரிவ்யூ பார்த்து, நான் வரவழைத்தது இரண்டாவது கடிகாரம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். அந்தக் கெடு நாளையோடு முடிகிறது. "திருப்பி அனுப்பு" என்பதுதான் இன்று சபைமுன் வந்திருக்கும் தீர்மானம். ஏன்? அண்ணாச்சி ஓடினார், துடிப்பு காட்டும் இடத்தில் வெறும் கோடு! வீட்டில் மதினி பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி ஊருக்கே தெரியும்: "என்னவே, நீரு உசிரோடதான் வந்திருக்கீரா?"

குற்றம் யாருடையது? கடிகாரத்தினுடையதா? கம்பெனியினுடையதா? இல்லை ஐயா, இல்லை! நம் பாசத்தினுடையது! தோல் பட்டறை காலித் மச்சானின் பாசத்தினுடையது! "ரப்பர் வார் நம்ம ஏரியாவுக்கே அசிங்கம்" என்று அதைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பூவேலை செய்த தோல் வார் மாட்டினார். அதோடு விட்டாரா? கை உறுத்தக் கூடாது என்று கடிகாரத்துக்கு அடியிலும் மெத்தை போல ஒரு தோல் வைத்துத் தைத்தார்!

"அசல் தோலு, தௌசீப்! டூப்ளிகேட் கிடையாது!"

அசல்தான் மச்சான், யார் இல்லை என்றது? ஆனால் நாடி பார்க்க அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம் தேடுவது அண்ணாச்சியின் தோலை. நீங்கள் நடுவில் நுழைத்தது ஆட்டின் தோலை! செத்த ஆட்டுக்கு நாடி எங்கே துடிக்கும்? பொய் சொல்லத் தெரியாத அந்தக் கடிகாரம் உள்ளதைச் சொன்னது, கோடு போட்டது!

பேச்சு எதற்கு? அண்ணாச்சி, மேலே வாருங்கள். இதோ, தோல் மெத்தையைப் பிரித்துவிட்டேன், பழைய ரப்பர் வாரை மாட்டிவிட்டேன். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே. ஆடாமல், அசையாமல், அதற்காக ரத்தம் கட்டும்படி இறுக்காமல். பாருங்கள்... எழுபத்தெட்டு! கை தட்டுங்கள்!

மதினி, எங்கே எழுந்துவிட்டீர்கள்? "நானே பாக்கணும்"? வாருங்கள், வாருங்கள்... ஐயோ, எண்பத்தைந்து. மதினி படியேறுகிறார், தொண்ணூற்றொன்று! பக்கத்தில் வந்துவிட்டார், நூற்று நான்கு! சபையோரே, மனிதர் நின்ற இடத்தில் நிற்கிறார்!

"என்னவே, ஓடாமலே இம்புட்டா?"

"நீ கிட்ட வந்தா இப்படித்தான் கீதா... கல்யாணமான நாள்லேருந்து."

விசில் அடிக்காதீர்கள், தாய்மார்கள் இருக்கிறார்கள்! மதினி, மைக்கில் சொல்லுங்கள். சொல்லுங்கள் மதினி.

"வாட்ச் இருக்கட்டும். திருப்பி அனுப்ப வேண்டாம். இவரு ஓடட்டும். ஆனா பந்தயத்து அன்னைக்கு ரோட்டோரம் நின்னு பாக்கலாம்னு ஆசையா இருந்தேன். என்னைப் பாத்தா துடிப்பு ஏறுமே. நான் வரலை."

வரவில்லையா? யார் விடுவார்கள்? வாருங்கள் மதினி, கட்டாயம் வாருங்கள்! ரோட்டோரம் வேண்டாம். பந்தயம் முடியும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். கோட்டைத் தாண்டியபின் அண்ணாச்சி நெஞ்சு எவ்வளவு அடித்தாலும், அது உங்கள் கணக்கு!

பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. பூவேலை செய்த கைக்கு நன்றி. ஓடுகிறவர்களுக்கும், ஓட விடுகிறவர்களுக்கும் என் வணக்கம்!