மிக்கேல் சம்மனசின் இடது கண்

எனக்கு வீடியோ கேம் விளையாடத் தெரியாது ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஒரு முறை ஆடிப் பார்த்தேன். காசைப் போட்டுவிட்டு, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று யோசிப்பதற்குள் என் கப்பல் வெடித்துவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள், "அங்கிள், முடிஞ்சுபோச்சு, நகருங்க லா" என்றார்கள். நகர்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது சில்க் ஸ்கிரீன் அச்சு. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் என் பட்டறை. என் படைப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊறுகாய் பாட்டிலில் இருக்கும் மாங்காய் என்னுடையது. 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று நான் அச்சடித்த பலகைக்கு நேர் கீழேதான் எல்லோரும் துப்புவார்கள். கல்யாணப் பத்திரிகையும் அடிப்பேன். அதில் வெறுமையாக இடம் விட எனக்கு வராது. மணமகள் பெயரைச் சுற்றி அவ்வளவு பூ வைப்பேன், பெண் யாரென்று ஃபோன் போட்டுக் கேட்பார்கள். என் பெயர் சூசைநாதன். நான் என்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொள்வேன். ஊரில் என்னை ஸ்டிக்கர் சூசை என்பார்கள்.

மரியஅந்தோணி என் தங்கை அற்புதமேரியின் புருஷன். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் மச்சான் என்று மரியாதையாகத்தான் பேசிக்கொள்வோம். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். எண்பத்திரண்டில் எங்கள் மாதா கோயிலில் நிதி திரட்ட நடக்கும் ஃபன் ஃபேருக்காக ஒரு வீடியோ கேம் பெட்டியைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். கடையில் நிற்குமே, ஆளுயரத்துக்கு, அதே மாதிரி. எங்கிருந்தோ ஒரு பழைய டிவி, எங்கிருந்தோ ஒரு சர்க்யூட் போர்டு, மீதிக்குப் பலகை. புக்கிட் மேரா வீட்டின் ஹாலில் பாதியை அந்தப் பெட்டி அடைத்துக்கொண்டது.

"மச்சான், படம் நீங்கதான் போடணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வயதுவரை மாங்காய் வரைந்தவனிடம் ஒருவர் ஆளுயரப் பெட்டியைக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் வரை என்றால் எப்படி இருக்கும்?

ஆட்டத்தில் வானத்திலிருந்து பூச்சிகள் இறங்கும், நாம் சுட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ராக்கெட் வரைந்திருப்பார்கள். நான் மிக்கேல் சம்மனசை வரைந்தேன், சாத்தானை வாளால் வீழ்த்தும் அந்த வானதூதரை. பூச்சிகள் எல்லாம் பேய்கள். பக்கப் பலகைகளில் இறக்கைகள், மேலே விளக்கெரியும் பலகையில் நெருப்பு, கைப்பிடியும் பொத்தான்களும் இருக்கும் இரும்புத் தகட்டின் மேல் சம்மனசின் முகம். விளையாடுகிறவன் குனிந்தால் அந்தக் கண்கள் அவனை நேராகப் பார்க்க வேண்டும்.

கை பட்டுப் பட்டு மை அழியாமலிருக்க, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் பின்பக்கம் அச்சடிக்க வேண்டும். அப்போது எல்லாமே தலைகீழ். கடைசியில் வைக்க வேண்டிய கண்மணியை முதலில் வைக்க வேண்டும், அதன் மேல்தான் தோலின் நிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளை. ஒன்பது நிறம், நிறத்துக்கு ஒன்றாகத் துணி இழுத்துக் கட்டிய ஒன்பது அச்சுச் சட்டம். ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தால் சம்மனசுக்கு மாறுகண். எத்தனையோ ஷீட்டைக் குப்பையில் போட்டபின் ஒன்றே ஒன்று சரியாக வந்தது. அந்த இடது கண்ணைப் பார்த்து நான் அழுதேன் ஐயா. தனியாகத்தான், மிளகாய் நெடியில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. சந்தோஷத்தில் எல்லாச் சட்டங்களையும் கழுவியும் வைத்துவிட்டேன், இனி இன்னொன்று அடிக்க வழியில்லை.

ஃபேருக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, படத்தைத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். நான் அளவெடுத்தபோது இல்லாத ஒரு போல்ட் தகட்டில் துருத்திக்கொண்டு நின்றது. சரியாக இடது கண்ணில்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மச்சான் பொறுமையாக விளக்கினார். "அது எர்த் மச்சான். உள்ள இருக்கிறது பழைய டிவி. கரண்ட் கசிஞ்சா இந்த போல்ட்டுல மாட்டியிருக்கிற வயர் வழியா போயிடும். வயர் இல்லாட்டி ஆள் வழியாத்தான் போகும்."

"அப்போ என் படம்?"

"கண்ணுல ஒரு ஓட்டை போட்டுடுங்க. ஸ்டிக்கர்தானே லா."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் நாங்கள் இருக்கிறோம் என்று நினைவு வந்து, தலையில் தட்டிக்கொண்டு போனார்.

போல்ட்டை ஓரத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஓரத்தில் வாள் இருந்தது. இன்னோர் ஓரத்தில் சாத்தானின் வால். எனக்கு வெறுமையாக இடம் விட வராது என்று சொன்னேனே.

மச்சானின் பெட்டியிலிருந்தே ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றினேன். வயரின் நுனியில் டேப் சுற்றி, உள்ளே ஓரமாக மடித்து வைத்தேன். எந்த வேலையும் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்தேன். மேரி கோப்பி கொண்டுவந்தாள்.

"என்ன அண்ணே தேய்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேரி. முகத்துல ஒரு மரு."

படத்தை ஒட்டி ரப்பர் பட்டையால் இழுத்தேன். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் இருந்தது. சாயங்காலம் மச்சான் வந்து தடவிப் பார்த்தார்.

"எர்த்தை வேற எடத்துக்கு மாத்திட்டீங்களா மச்சான்?"

"மாத்திட்டேன்."

"பரவாயில்லையே, வயர் வேலையும் கத்துக்கிட்டீங்க" என்று என் தோளில் தட்டினார். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பூட்டையே நம்பாதவர் என்னை நம்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் கோயில் திடலில் கூட்டம். பாராட்டெல்லாம் மச்சானுக்குத்தான். "நீயே செஞ்சியா அந்தோணி? கெட்டிக்காரன்பா" என்று சாமியார்கூட அவர் கையைக் குலுக்கினார். படத்தைப் பற்றி ஒருவர் மட்டும் பேசினார், அதுவும் இது எந்தக் கடையில் வாங்கியது என்று. நான் பெட்டியின் பக்கத்திலேயே நின்றேன். ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் ரூபி டீச்சர் ஆடிவிட்டு, "கை சுருக்குங்குது அண்ணே" என்று உதறினார். "சம்மனசோட சக்தி டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன நகைச்சுவைக்குக் கூட்டமாகச் சிரித்தது அன்றுதான்.

மத்தியானம் மழை. கூடாரத்தின் கீழ் புல்லெல்லாம் சகதி. மச்சான் நனைந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அவர் கையில் பண்டுங் கிளாஸ், ரோஸ் சிரப் கலந்த பால். "நான் ஒரு ஆட்டம் ஆடவே இல்லையே" என்று வெறுங்காலோடு நின்று இரும்புக் கைப்பிடியைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை. கிளாஸ் படத்தின் மேல் விழுந்தது. ஆட்டத்தில் அவ்வளவு ஆர்வம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். உங்கள் பழைய அறிக்கையிலேயே அது இருக்கிறது, மைத்துனர் சமயோசிதமாகச் செயல்பட்டார் என்று. உண்மையில் ஓடவில்லை ஐயா. காலையிலிருந்து நான் அந்தப் பிளக்குக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பிடுங்கியதும், முகத்தில் வழிந்த பண்டுங்கைக் கைக்குட்டையால் துடைத்தேன். சம்மனசின் முகத்தில். பிறகுதான் கீழே விழுந்து கிடந்த மச்சானைப் புரட்டினேன்.

விசாரணை நடந்தது. டேப் சுற்றிய வயரை உள்ளே பார்த்தார்கள். செய்தவரே எர்த்தை மாட்ட மறந்துவிட்டார், விபத்து என்று முடித்தார்கள். யாரும் படத்தை உரித்துப் பார்க்கவில்லை. இந்த மூன்று வருஷமாகக் கோயிலில் மேரியின் காதுபடவே பேசுகிறார்கள், பாவம், கவனமில்லாத மனுஷன், வேறு யார் பிள்ளையாவது தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவள் என்னிடம் கேட்டாள், "அண்ணே, அவரு மறக்கிற ஆளா?" நான் அவள் தலையைத் தடவி, "மனுஷன்தானே மேரி, மறப்பார்" என்றேன். அன்றைக்கு அவள் வைத்த மீன் குழம்பை நன்றாகவே சாப்பிட்டேன்.

ஆகவே போல்ட்டைக் கழற்றியது நான். கழற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்து கழற்றினேன். கேட்டபோது பொய் சொன்னேன். டீச்சர் கையை உதறியபோதும் உண்மையைச் சொல்லவில்லை. மரியஅந்தோணியைக் கொன்றது நான்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்று ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். தங்கச்சிக்காக. புருஷன் பேரில் இருக்கும் பழி போக வேண்டும், அதற்காக மட்டும்தான். நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் நிற்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை அண்ணே, பழைய சாமான் எடுக்கும் கராங் குனிக்காரரை வரச் சொல்லிவிட்டேன், நாளைக்கு வந்து உடைத்து எடுத்துக்கொண்டு போவார் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன். இனி அது சாட்சிப் பொருள்தானே ஐயா, கராங் குனிக்காரரிடம் கொடுக்க முடியாதல்லவா?

எனக்கு இப்போது புத்தி வந்துவிட்டது. மச்சான் சொன்னதுதான் சரி, அது வெறும் ஸ்டிக்கர். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆதாரம் வேண்டுமென்றால் தகட்டைக் கீழிருந்து பாருங்கள், பட்டி வைத்த இடம் தெரியும். மேலே கண்ணில் கத்தி வைக்க வேண்டாம். மொழிபெயர்க்கும் அம்மா இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். அப்புறம், பெட்டியை எங்கே வைப்பீர்கள்? வெயில் படாத இடம்தானே? சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும்.