சூப் ஊத்திப் படிச்ச ஸ்பானிஷ்

— சிரியாதை துஷாந்தி. லிபெர்த்தா ரோட்டிலை நான் வேலைக்கு நிண்ட வீட்டுச் சிஞ்ஞோரா அசல் ஸ்பெயின்காரி.

— சமைக்கத்தானே நிண்டனீங்கள், நகுலேஸ் அண்ணை? இப்ப கதைக்க வேண்டியது சட்டம்.

— சட்டமும் தெரியும். சிஞ்ஞோராவும் புருஷனும் விவாகரத்துக்கு அடிபட்ட காலம், லோயர்மாருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கடை மேசையிலைதான். சூப் ஊத்த ஊத்தக் கேட்டுப் படிச்சனான்.

— சூப்பிலை படிச்ச சட்டம்...

— உன்ரை இத்தாலியன் பாஷையைவிட மேல். சொல்லு, பார்சலோனா லோயரிட்டை முதல் என்ன கேக்கிறது?

— என்ரை மனுசனைத் திருப்பிக் கொழும்புக்கு ஏத்தப் போயினமோ எண்டு.

— ஏர்போட்டிலை பிடிச்சுப்போட்டுப் பிறகென்ன, விருந்தோ வைப்பாங்கள்?... சரி சரி, அழாதை. கேக்கிறன்.

— கொழும்பிலை இறங்கினா அங்கையே கொண்டுபோயிடுவாங்கள் அண்ணை. பிறகு அவர் இல்லை... அதைச் சொல்லுங்கோ.

— மெல்லமாய். என்ரை ஸ்பானிஷ் ஒவ்வொரு கரண்டியாத்தான் வரும். கரைச்சல் என்னெண்டா, என்னட்டை இருக்கிறது முழுக்கப் புருஷன் பெஞ்சாதியைப் பிரிக்கிற சட்டம். சேர்க்கிற சொல் ஒண்டும் அந்த மேசையிலை விழேல்லை.

— அப்ப... தங்கச்சி எண்டு சொல்லுங்கோவன்.

— ஆரை?

— என்னைத்தான்.

— விதுரன் உனக்குத் தாலி கட்டினவன். என்னத்துக்குத் தங்கச்சி?

— சும்மா...

— சும்மா ஒரு தங்கச்சி! அதுசரி, நெத்தி ஏன் வெறுமையாக் கிடக்கு?

— காலமை குவெஸ்தூராப் பொலிசுக்குப் போனனான். இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோக் கார்டு புதுப்பிக்க.

— அதுக்கும் பொட்டுக்கும் என்ன? அந்தப் பொலிஸ்காரருக்கு அது என்னெண்டே தெரியாது. என்ரை மனுசியிட்டை ஒருத்தன், நெத்தியிலை என்ன காயம் எண்டு கேட்டவன்.

— நம்பரை அடியுங்கோ அண்ணை. போன் கூண்டுக்கு வெளியிலை சனம் நிக்குது.

— நிக்கட்டும். சென்ட்ராலே ஸ்டேசனிலை இறங்கிற சனம் எல்லாம் இந்தப் போன் கடைக்குத்தான் வரும்... ஓலா? சிஞ்ஞோர் லோயர்?... சீ... சீ...

— என்னவாம்?

— பொறு, ஓமெண்டு சொல்லுறன்... சீ...

— அண்ணை!

— நாளைக்குப் பின்னேரப் பிளேனாம்.

— ஐயோ...

— பொறு பிள்ளை, முடிக்க விடு! ஒரு வழி இருக்காம். பெஞ்சாதி இத்தாலியிலை பெர்மெஸ்ஸோவோட இருந்தா நீதவானிட்டைக் கேட்டு மறிக்கலாமாம்.

— உண்மையாவோ?

— நாளைக் காலமை நீ குவெஸ்தூராவுக்குப் போய், இவர் என்ரை புருஷன் எண்டு சொல்லு. அவங்கள் அதை எழுதி ஃபாக்ஸ் அடிச்சாக் காணுமாம். பாத்தியே? சிம்பிள்.

— குவெஸ்தூராவுக்கோ?

— பின்னை எங்கை? ஆள் தப்பீட்டான் எல்லே!

— குவெஸ்தூராவிலை இருந்துதான் வரவேணுமாமோ? வேறை இடம்... கோயில் கடிதம், கலியாணப் படம்...

— உன்ரை பேர் அங்கைதானே கிடக்கு. ஒரு நிமிசம்... சீ, சீ... லோயர் கேக்கிறார், ஆர் பக்கத்திலை அழுகிறது, அவனுக்கு என்ன முறை எண்டு. என்ன சொல்ல? தங்கச்சியோ?

— தங்கச்சி எண்டா மறிக்கேலாதோ?

— ஏலாது. கேட்டுப்போட்டன். துஷாந்தி, போன் வாயைக் கையாலை பொத்திப் பிடிச்சிருக்கிறன். அவருக்குக் கேக்காது. சொல்லு.

— அந்தக் கைப்பையை எடுங்கோ அண்ணை.

— இப்ப என்னத்துக்கு?

— பொட்டு வைக்க.

— விசரே உனக்கு? போனிலை தெரியாது பிள்ளை.

— தெரியாட்டிப் பரவாயில்லை. பெஞ்சாதி கதைக்கிறா எண்டு சொல்லுங்கோ. நாளைக் காலமை நீங்களும் என்னோட வாங்கோ, தனியப் போகப் பயமாக் கிடக்கு... அங்கை ஒவ்வொரு முறையும் பொட்டை அழிச்சுப்போட்டுப் போய், ஷெல் விழுந்து என்ரை புருஷன் செத்திட்டார் எண்டு சொல்லித்தான் அண்ணை நான் பெர்மெஸ்ஸோ எடுத்தனான்.