மறு தரப்பும் வரட்டும்

மாலை ஆறரை மணி இருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். விளக்குக் கம்பம் இருக்கிறது... விளக்கு இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

அந்த ரோட்டில் தனியாகக் கார் ஓட்டி வந்தவர் என் நண்பனின் சின்னம்மா. சிரிக்காதீர்கள், கேளுங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்... இல்லை, வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.

சின்னம்மா அரசு வக்கீல். ஆனால் யாருக்காகவும் வாதாடுகிறவர் இல்லை. இதைக் கண்டுபிடித்தது நான்தான், இல்லை நான்தான் என்று அடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருவார்கள் அல்லவா, அந்த வழக்குகளில் இயந்திர சமாச்சாரத்தை நீதிபதிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற வேலை. அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு தரப்பு இல்லாதபோது மறு தரப்பிடம் எதையும் கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது. சின்னம்மா அதில் இம்மியும் பிசக மாட்டார். கடையில் வழக்குக்காரர் யாராவது எதிர்ப்பட்டால், எடுத்த காய்கறியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிற ரகம்.

அன்றைக்கு அவர் போனது ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு. வழக்கு ஒரு தாழ்ப்பாளைப் பற்றியது. குளிர் அறைக்குள் ஆள் இருப்பது தெரியாமல் கதவு பூட்டிக்கொண்டாலும், உள்ளிருந்து ஒரு தள்ளு தள்ளினால் திறந்துவிடும். உயிரைக் காக்கிற தாழ்ப்பாள். செய்தது நான் என்றார் அங்கே வேலை பார்த்த மெக்கானிக். நான்தான் என்று காப்புரிமையே வாங்கி வைத்திருந்தார் முதலாளி. மணி என்ன என்று கேட்டால்கூட இரண்டு பேரும் இரண்டு சொல்வார்கள். அவ்வளவு பகை.

இரண்டு தரப்பும் பக்கத்தில் நிற்க, கதவைத் திறந்து தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. மெக்கானிக்கின் வக்கீல் வந்துவிட்டார், மெக்கானிக் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் நின்று நின்று எல்லோருக்கும் கால் கடுத்துப்போனது.

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. நானே திறந்து காட்டிடறேன், பாத்துட்டுப் போயிடுங்கம்மா" என்று கைப்பிடியைப் பிடித்தார் முதலாளி.

"அவர் இல்லாம திறக்கக் கூடாதுங்க. கையை எடுங்க" என்றார் சின்னம்மா.

அப்போதுதான் அந்தச் சத்தம். கிர்ர்... கிர்ர்... தகரத்தை எதுவோ சுரண்டுகிற மாதிரி. பிறகு நின்றுவிட்டது.

"மோட்டாருங்க. பழசு" என்றார் முதலாளி.

ஆய்வை வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, சின்னம்மா கிளம்பினார்.

அந்த ரோட்டு வளைவில்... ஓர் ஆள். கையை நீட்டி வண்டியை மறித்தார். பிரேக் போட்டுப் பார்த்தால், மெக்கானிக்! சின்னம்மாவுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். அத்தனை பேரையும் காக்க வைத்துவிட்டு இங்கே வந்து நிற்கிறாரே மனுஷன்.

ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். குளிர் அறை இயந்திரத்தில் ஓடுகிற அமோனியாவின் நெடி மூக்கில் சுருக்கென்று ஏறியது. ஊரே நனைந்து கிடக்கிறது, அவர் சட்டை மட்டும் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து நின்றது.

"அம்மா... உள்ளேருந்து திறக்கலம்மா."

"நிறுத்துங்க. நீங்க தனியா என்கிட்ட பேசக் கூடாது. உங்க வக்கீல் சொல்லலையா?"

"எவ்ளோ நேரம்மா தட்டறது..."

"எதுவா இருந்தாலும் உங்க முதலாளி இருக்கும்போது சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. கண்டிப்பா கேக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அவரையும் கூட்டிட்டு வந்தா கேப்பீங்களா?"

"அதுதானேங்க என் வேலை."

"சரிம்மா. கூட்டிட்டு வரேன்."

சின்னம்மா கண்ணாடியை ஏற்றினார். மெக்கானிக் அதன்மேல் கையை வைத்தார். வைத்த இடம் வெள்ளையாக உறைந்தது. ஐந்து விரல்... ஒன்றிலும் நகம் இல்லை.

வண்டியை எப்படி வீடு சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை ஆபீசில் உட்கார்ந்ததும் போன். மெக்கானிக்கின் வக்கீல். குரல் உடைந்திருந்தது. ராத்திரி குளிர் அறையைத் திறந்தவர்கள், உள்ளே மெக்கானிக்கின் உடலைப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கு முன்னால் தாழ்ப்பாளை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று நேற்று விடிவதற்கு முன்பே உள்ளே போய், தன் கைவேலையை நம்பிக் கதவைச் சாத்தியிருக்கிறார். அந்தக் கைவேலை யார் கண்ணிலும் படக் கூடாது என்று முதலாளி முந்தின நாளே அதைக் கழற்றிவிட்டு, பெயருக்கு ஒரு கைப்பிடியை மாட்டி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. முதலாளிக்கு இவர் உள்ளே போனது தெரியாது.

"நாம கதவுக்கு வெளியில நின்னப்போ அவருக்கு உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரும்மா."

கையை எடுங்க என்று சொன்னது யார்? சின்னம்மா வாய்விட்டு அழுதார்.

அழுகையின் நடுவில் சட்டென்று அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. கூட்டிட்டு வரேன்...

முதலாளியை எச்சரிக்க வேண்டும். ஆனால் ஒரு தரப்பிடம் தனியாக... விரல் ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு, உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து செய்யாததைச் செய்தார். முதலாளிக்குப் போன் போட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை.

கிர்ர்... கிர்ர்...

போனைக் கீழே போட்டார். அதே நேரம் பியூன் எட்டிப் பார்த்தார். பாவம், அவருக்கு ஒரு சேதியும் தெரியாது.

"அம்மா, அந்தத் தாழ்ப்பாள் கேஸ்காரங்க வந்திருக்காங்க. ரெண்டு தரப்பும் சேர்ந்தே வந்துட்டோம்னு சொல்லச் சொன்னாங்க. எதிர் ரூம்ல உக்கார வெச்சிருக்கேன். என்னம்மா அந்த ரூம்ல ஏசி இப்படி அடிக்குது?"

அந்த அறையில் ஏசியே கிடையாது.

சின்னம்மா எழுந்தார். ஓடியிருக்கலாம். ஆனால் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தானே. எதிர் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். அமோனியா நெடி. கைப்பிடி வெள்ளை பூத்திருந்தது. தொட்டதும் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது.

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு இரண்டு குரல்கள், வழக்கு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரே பேச்சைப் பேசின.

"உள்ளேருந்து திறக்கலம்மா."