மேனகாவுக்கு ஒரு பட்டப்பேர்

நிர்மலா: இன்னைக்கும் உன் கிளாஸ்லதான் சோறு தின்னுச்சா?

அமுதவல்லி: யாருக்கா?

நிர்மலா: தெரியாத மாதிரி கேக்கற பாரு. மேனகாதான். ஏழாவது பி-க்கு கிளாஸ் டீச்சர் நானு. புள்ள என்னடான்னா உன் முந்தானைய புடிச்சிக்கிட்டு சுத்துது.

அமுதவல்லி: உங்களுக்குப் பொறாமக்கா.

நிர்மலா: இருந்துட்டுப் போகட்டும். நீ வந்து ஒரு வருசங்கூட ஆகல. எதுக்கெடுத்தாலும் அமுதா மிஸ், அமுதா மிஸ். வயிறு எரியாதா எனக்கு?

அமுதவல்லி: அது பாசத்துல வரலக்கா. ஒளிஞ்சிக்க வருது.

நிர்மலா: ஒளியவா... யாருக்குப் பயந்து?

அமுதவல்லி: உங்க கிளாசுக்கு. நானும் பாசம்னுதான் நெனச்சேன். பெல் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குது. தண்ணியே குடிக்கறதில்ல. கேட்டா, பாத்ரூம் போனா வெளிய தாப்பா போட்டுடறாங்களாம்.

நிர்மலா: வெளையாட்டுக்குப் பண்ணியிருக்குங்க...

அமுதவல்லி: வெளையாட்டுன்னா அதுவும் சிரிக்கணுமில்ல? பெஞ்சுல அதும் பக்கத்துல யாராச்சும் ஒக்கார்றாங்களா, பாத்தீங்களா?

நிர்மலா: மலையிலருந்து வந்த புள்ள, கூச்சம்னு விட்டுட்டேன்.

அமுதவல்லி: நாளைக்கு அவங்கப்பா சங்கர் டிசி வாங்க வத்தல்மலையிலருந்து எறங்கி வராரு. ஹாஸ்டல்லருந்து லீவுக்கு வூட்டுக்குப் போனா, திரும்பி வரமாட்டேன்னு ஒரே அழுகையாம். படிப்பையே நிறுத்தறாங்க.

நிர்மலா: நிறுத்தறாங்களா... யார் யாருன்னு சொல்லு, தோல உரிச்சுடறேன்.

அமுதவல்லி: அடிச்சா, மாட்டிவுட்டது இவதான்னு இன்னும் மறைவா பண்ணுவாங்க. ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டுப் பேசணும். மொதல்ல அந்தப் பட்டப்பேர நிறுத்தணும்க்கா.

நிர்மலா: ...என்ன பேரு?

அமுதவல்லி: ‘மிச்சம்’. மிச்சம் வருது, மிச்சம் தொட்டதத் தொடாதன்னு... எங்கிருந்துதான் புடிச்சாங்களோ.

நிர்மலா: யார் வெச்சதுன்னு... அது சொல்லலியா?

அமுதவல்லி: வாயே தொறக்கல. எங்க நிர்மலா மிஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க மனசு கஷ்டப்படும்னுச்சு. அவ்ளோதான். எந்திரிங்க, பாலக்கோடு பஸ் வந்துடும்... ஏங்க்கா, என்ன ஆச்சு?

நிர்மலா: அவங்கப்பா நம்பர் குடு அமுதா. நானே பேசறேன்... காலாண்டு லீவு முடிஞ்சு வந்தன்னிக்கி ஊர்லருந்து சாமந்திப்பூ கொண்டாந்து நீட்டுச்சு. காலையிலயே உன் தலையில அதே பூவப் பாத்துட்டேன். ‘அமுதா மிஸ்ஸுக்குக் குடுத்த மிச்சமா எனக்கு?’ன்னு கிளாஸ் முன்னாடியே கேட்டுட்டேன். புள்ளைங்கெல்லாம் சிரிச்சாங்க... நானும் சேந்துதான் சிரிச்சேன்.